முட்டையில் வந்த கருநீலம்

என் கண்ணாத்தாளுக்கு,

எனக்கு இருப்புக் கொள்ளவில்லையடி. இன்று மதியம் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் நடந்ததை உனக்குச் சொல்லாமல் சோறு இறங்காது.

மூன்று மாதம் மூத்தவள் என்று, "அக்கான்னு கூப்பிடுடி" என நீ மல்லுக்கு நிற்பாய். நான் பிடிகொடுக்கவே மாட்டேன். பெரியப்பா மகளானால் என்ன, பி.யூ.சி.யில் ஒரே பெஞ்சுதானே!

போன வருஷத்து முட்டை நினைவிருக்கிறதா? வெள்ளைக்கரு புரதம், அயோடின் விட்டால் கருநீலமாகாது. மாவுச்சத்து இருந்தால்தான் ஆகும். உன் சோதனைக் குழாயில் மட்டும் கருநீலம்! "உங்க நேமத்தான்பட்டிக் கோழி கஞ்சியா குடிக்குது?" என்று சார் கேட்க, வகுப்பே சிரித்தது. "பார்த்ததைத்தான் எழுதுனேன் சார்" என்றாய். அவர் உன் நோட்டில் அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டார்.

பஸ்ஸில், "நீயுமாடி சிரிச்ச?" என்று கேட்டாய். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அடுத்த மாதமே மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது.

இன்று கழுவிய குழாயைத் துடைக்கத் துணி இல்லை. முந்தானையைத் திரித்து உள்ளே விட்டேன். வெள்ளைக்கரு, அயோடின்... கருநீலம்! அன்று நீயும் தாவணி நுனியால்தானே துடைத்தாய்? நடந்தால் மொடமொடவென்று சத்தம் கேட்குமே, அந்தத் தாவணி! நம் வீட்டுத் துணிக்கெல்லாம் பெரியம்மா போடும் சோற்றுக் கஞ்சி. மாவுச்சத்து அதிலிருந்துதான் வந்தது.

கஞ்சி போடாத கைக்குட்டையிலும் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். வெறும் பழுப்புக் கறைதான். இன்னும் கேள்: பருத்தி நூலும் குளுக்கோஸ் கோர்த்த சங்கிலி, கஞ்சியின் மாவுச்சத்தும் குளுக்கோஸ் கோர்த்த சங்கிலி. கோர்த்த விதம்தான் வேறு. ஒன்றை உடுத்துகிறோம், ஒன்றைக் குடிக்கிறோம்! இதைக் கேட்டால் நீ என்னவெல்லாம் கேள்வி கேட்டிருப்பாய்?

சாரிடம் ஓடினேன். "கேலி பண்ணுனீகளே சார், அவ பார்த்தது நெசம்!" என்று ஊர்ப்பேச்சிலேயே கொட்டிவிட்டேன். அவரே ஒருமுறை செய்து பார்த்தார். பிறகு, "அந்தப் பிள்ளையோட நோட்டு இருக்கா?" என்றார். பெரியம்மா பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறார். சிவப்புக் கோட்டுக்குக் கீழே 'பார்த்தது சரி' என்று எழுதித் தருகிறாராம். நாளைக்கே கொண்டுபோகிறேன்.

ஆனால் நான் சிரித்தேனே, அதை எந்த மையால் அடிப்பது? யார் சிரித்தாலும் இனி கண்ணால் பார்த்ததை மாற்றி எழுத மாட்டேன். சிரிக்கிற கூட்டத்திலும் சேர மாட்டேன். இது சத்தியம், அக்கா.

உன் தங்கை,
முத்துலட்சுமி