அணைத் தண்ணீரில் முறிந்த ஆணி

அண்ணே,

இன்று காலை பக்கத்து வீட்டுக்காரர் பம்புசெட்டுக்கு மண்ணெண்ணெய் ஊற்றினார். அந்த வாடை சன்னல் வழியே வந்ததும் உங்கள் படகு நினைவுக்கு வந்துவிட்டது. நீங்கள் போய் மூன்று மாதம் ஆகிறது. கடைசியாக உங்கள் முகம் பார்க்க என்னால் வர முடியவில்லை.

எழுபதுகளின் நடுவில் குமுளிக்கு வேலைக்கு வந்த நர்ஸ் நான். அங்கே அணை ஏரிக்கு அக்கரையில் இருந்த காட்டுக் குடியிருப்புக்கு வாரம் ஒருமுறை என்னை அழைத்துப்போன மோட்டார் படகுக்காரர் நீங்கள். என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர்.

அந்த ஆனி மாத மத்தியானம், தேன் எடுக்க மரமேறி விழுந்து தொடையெலும்பு முறிந்த ஒருவரைப் படகில் கிடத்தினோம். அவர் மனைவியும் ஏறினாள். அவருடைய தம்பியும் படகில் கால் வைத்தபோது தடுத்தீர்கள்.

"காத்து ஏறுது தம்பி. நாலு பேருக்கு மேல தாங்காது. நாளைக்கு வந்து உன்னைக் கூட்டிட்டுப் போறேன்."

அவன் அழுதான். எனக்கு உங்கள்மேல் கோபம் வந்தது.

நடு ஏரியில் மழை பிடித்துக்கொண்டது. அணை கட்டியபோது மூழ்கிய மரங்களின் கட்டைகள் எங்கெங்கே நிற்கின்றன என்பது உங்களுக்கு மனப்பாடம். ஆனால் மழையில் கரையே தெரியவில்லை. வேகத்தைக் குறைத்தீர்கள். அப்படியும் அடியில் ஏதோ தட்டியது. இஞ்சின் இரைந்தது, படகு நகரவில்லை. தண்ணீரைத் தள்ளும் இஞ்சின் விசிறியைப் பிடித்திருந்த சிறிய ஆணி முறிந்துவிட்டது. படகு பக்கவாட்டில் திரும்ப, அலை உள்ளே விழுந்தது. அந்த மனைவி பதறி எழுந்தாள்.

"உக்காரும்மா. கீழ உக்காந்து அவர் தலையை மடியில வச்சுக்க." குரலை நீங்கள் உயர்த்தவே இல்லை. "சிஸ்டர், துடுப்பை எடுங்க. முகப்பு காத்தைப் பாத்தே நிக்கணும். வேற எதையும் நெனைக்காதீங்க."

முன்னால் மண்டியிட்டுத் துடுப்பைப் போட்டேன். பின்னால் நீங்கள் இஞ்சினைத் தண்ணீருக்கு மேலே தூக்கிவிட்டு, குப்புறப் படுத்து, சட்டைப்பையிலிருந்த மாற்று ஆணியைச் செருகிக்கொண்டிருந்தீர்கள். நோயாளி முனகினார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. நர்ஸான நான் அப்படி இருந்தது அன்று ஒருநாள்தான். விளிம்புக்கும் தண்ணீருக்கும் நாலு விரல்கூட இல்லை. இன்னோர் ஆள் ஏறியிருந்தால் என்று நினைத்தபோதே என் கோபம் போய்விட்டது.

இஞ்சின் பிடித்தது. அலையைச் சாய்வாக ஏறி ஏறி, நடக்கிற வேகத்தில் கரை சேர்த்தீர்கள். ஜீப் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. தை மாதம் அவர் ஊன்றுகோலோடு நடந்தே வந்து நம் இருவருக்கும் தேன் கொடுத்தார்.

ஜீப் போனபிறகு படகுத்துறையில் கேட்டேன்: "உங்களுக்குப் பயமே இல்லையாண்ணே?"

"கால் ரெண்டும் நடுங்குச்சு சிஸ்டர். படுத்துக் கெடந்ததால உங்களுக்குத் தெரியல. கை நடுங்காமப் பாத்துக்கிட்டேன், அவ்வளவுதான்."

அதற்குப் பிறகு எத்தனையோ பிரசவ அறைகளில் என் முழங்கால்கள் நடுங்கியிருக்கின்றன, அண்ணே. என் கைகளைப் பார்த்த யாருக்கும் அது தெரிந்ததில்லை.