பாய் கடைக்கு ஒரு தூக்குத் தயிர்

டிசம்பர் 11, 1955 – ஞாயிறு

இன்றும் மேஸ்திரி வரவில்லை. "புயல்ல ஊருல பாதிக் கூரை போயிடிச்சு சார், உங்க அடுப்படிக்கு என்ன அவசரம்" என்கிறார். அவருக்கு வீட்டில் சோறு கிடைக்கிறது, சொல்வார். எனக்கும் சுந்தரிக்கும் மூன்று வேளையும் ஓட்டல். ஆவணியில்தான் எங்களுக்குக் கல்யாணம் ஆனது. அவள் கையால் சாப்பிட்டதைவிட சர்வர் கையால் சாப்பிட்டது அதிகமாகிவிடும் போலிருக்கிறது.

காலை மங்கள விலாஸ். இட்லி பரவாயில்லை. சாம்பாரில் பருப்பைத் தேட டார்ச் லைட் வேண்டும். முதலாளியிடம் நேராகவே சொன்னேன். கல்லாவிலிருந்து தலையைத் தூக்காமல், "புயல் சார்" என்றார். பருப்பையா புயல் தூக்கிக்கொண்டு போயிற்று?

டிசம்பர் 13

ஆபீசில் மறுபடி அதே கேள்வி. நான் ஏன் சைவம்?

எங்கள் வீட்டில் எல்லோரும் மீன், கறி தின்பவர்கள். மெட்ராசில் எலக்ட்ரிகல் டிப்ளமா படிக்கும்போது நான் விட்டேன். பிடிக்கவில்லை. வாடை வந்தாலே குமட்டும். அவ்வளவுதான். இதை ஒரு காரணமாக யாரும் ஒப்புக்கொள்வதில்லை. சாமிக்கு நேர்ந்துகொண்டாயா, வயிற்றில் புண்ணா, காந்தி கட்சியா – ஏதாவது ஒன்று வேண்டுமாம். மங்கள விலாஸ் முதலாளி முதல் நாளே, "தாங்கள் யாரு?" என்று இழுத்தார். சாதியைக் கேட்கிறார் என்று தெரியும். "கரண்டு ஆபீஸ்" என்றேன். அங்கே நான் மீன் தின்கிற வீட்டுப் பையன். கறி, மீன் போடும் நூர் அகமது மிலிட்டரி ஓட்டல் வாசலைத் தாண்டும்போது நான் ஐயர்.

பெண் பார்க்கப் போன அன்றே மாமனாரிடம் சொல்லிவிட்டேன். "என் வீட்டில் மீன், கறி சமைக்கக்கூடாது." குஞ்சிதபாதம் பிள்ளை, "அதுக்கென்ன மாப்பிள்ளை" என்றார். ஒரே பேச்சில் முடிந்தது. எல்லாக் காரியமும் இப்படி முடிந்தால் நாடு எங்கேயோ போய்விடும்.

டிசம்பர் 16

மங்கள விலாஸில் குடும்பத்தோடு வருபவர்களுக்குத் தனி அறை. அறை என்றால் மூலையில் ஒரு மேஜை, முன்னால் ஒரு திரை. திரைக்கு என்னைவிட வயது அதிகம். சர்வர் செல்லையன் ஒவ்வொரு தடவையும் வெளியே நின்று இருமிவிட்டுத்தான் நுழைகிறான். சட்னிக்கு ஒரு இருமல், தண்ணீருக்கு ஒரு இருமல்.

"ஏம்ப்பா, நாங்க இட்லிதான் திங்கிறோம்" என்றேன்.

சுந்தரிக்குச் சிரித்துப் புரையேறிவிட்டது. அதற்குத் தண்ணீர் கேட்டேன். மறுபடி இருமல்.

டிசம்பர் 18 – ஞாயிறு

ஒன்று கவனித்தேன்.

வீட்டில் நான் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவள் உட்காருவாள். எல்லா வீட்டிலும் அப்படித்தானே. அவள் சாப்பிடுவதை எதிரே உட்கார்ந்து பார்ப்பது இந்த ஓட்டல்களில்தான். பாதிச் சோறு இலையிலேயே கிடக்கிறது. தினமும். பிசைகிறாள், நகர்த்துகிறாள், இலையை மடித்துவிடுகிறாள்.

"ஏன்?"

"போதுங்க."

"இதா போதும்?"

"போதுங்க."

சாம்பார்தான் காரணம். ஓட்டலை மாற்றிவிட வேண்டியதுதான்.

டிசம்பர் 21

காசியம்மா இட்லிக் கடை. மீன் மார்க்கெட்டைத் தாண்டிப் போக வேண்டும். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு வேகமாகத் தாண்டிவிட்டேன். திரும்பினால் சுந்தரியைக் காணோம். பின்னால் ஒரு மீன் கூடையின் பக்கத்தில் நிற்கிறாள்.

"சேத்துல கால வச்சிட்டியா?"

"ஆமாங்க, சேறு."

காசியம்மா சுடுவது மல்லிகைப்பூ மாதிரி இட்லி. நான் கணக்கில்லாமல் தின்றேன். அந்தம்மாள் சுந்தரியின் இலையைப் பார்த்துவிட்டு, "பொண்ணு என்ன இப்படிக் கொறிக்குது, வாந்தி கீந்தி இருக்கா?" என்றாள். இல்லை என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். நான் கொஞ்சம் சத்தமாக.

டிசம்பர் 27

சுந்தர பவன். ரசம் அபாரம். அவள் பாதி.

டிசம்பர் 30

திருநள்ளாறு ரோட்டில் கம்பம் நட்டுக்கொண்டிருந்தோம். என்னோடு லைன் பார்க்கிற மன்சூர் அலி, "சார், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது" என்றான். அவன் வீடும் எங்கள் வீடும் ஒரே சுவர்.

"கோபம் வந்தா கோவிச்சுக்குவேன். சொல்லு."

"உங்க வீட்டம்மா ரொம்ப எளைச்சுட்டாங்கன்னு எங்க வீட்டுல ஜன்னத் சொல்லுது."

"ஓட்டல் சாப்பாடு."

"நீங்களும் ஓட்டல் சாப்பாடுதானே. நீங்க எளைக்கலையே."

கம்பத்தைப் பிடி என்றேன்.

ஜனவரி 3, 1956

புது ஓட்டல் ஒன்றும் பாக்கியில்லை. இன்று மறுபடி மங்கள விலாஸ். பருப்பு கூடியிருக்கிறது, என் புகார் வேலை செய்திருக்கிறது. ஆனால் அண்டாவை மூடாமல் வைத்திருக்கிறார்கள். சூடு போய்விடும், கலக்காமல் விட்டால் மேலே தண்ணீர், கீழே பருப்பு என்று பிரிந்துவிடும் – இதைச் செல்லையனுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன்.

"நீங்க கரண்டுக்காரரா, சாம்பார்க்காரரா?" என்றாள் சுந்தரி.

"உனக்காகத்தான் சொல்றேன். நீ சாப்பிட மாட்டேங்கிறியே."

அவள் என்னவோ சொல்ல வந்தாள். தண்ணீர் எடுக்கப் போன செல்லையன் திரைக்கு வெளியே இருமினான். அவள் இலையை மடித்துவிட்டாள்.

ஜனவரி 14 – பொங்கல்

தலைப்பொங்கல். மாமனார் அம்பகரத்தூரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு சீர் கொண்டுவந்தார். பானை, கரும்பு, வாழைத்தார், மூட்டை அரிசி. வாசலில் இறக்கிவிட்டு அடுப்படியைப் பார்த்தார். மேலே வானம்.

"இதுல எங்கம்மா பொங்குவ?"

முற்றத்தில் மூன்று கல்லை வைத்துப் பொங்கினாள். பால் பொங்கியபோது எல்லோரும் சந்தோஷமாகத்தான் இருந்தோம். சாப்பிடும்போது அவர் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், "கூரை ஆவுற வரைக்கும் புள்ள நம்ம வீட்டுல இருக்கட்டும் மாப்பிள்ளை" என்றார். "தாராளமா" என்றேன். என்ன சொல்ல முடியும்?

சுந்தரி டிரங்குப் பெட்டியை எடுத்துக்கொண்டாள். நாலு நாளைக்கு ஒரு பை போதாதா? எல்லாச் சேலையையும் மடித்து உள்ளே வைத்தாள். கேட்கலாமென்று இருந்தேன். வண்டி கிளம்பிவிட்டது.

ஜனவரி 17

தனியாக மங்கள விலாஸ். இன்று செல்லையன் இருமவில்லை. சாம்பார் நன்றாயிருந்தது. பாதியில் எழுந்துவிட்டேன்.

ஜனவரி 22 – ஞாயிறு

அம்பகரத்தூர் போனேன்.

மாமியார் ராஜம் எனக்கென்று தனி அடுப்பில் வெண்டைக்காய் சாம்பார், வாழைக்காய் வறுவல் செய்திருந்தார். திருப்தியாகச் சாப்பிட்டேன். பிறகு கை கழுவக் கொல்லைப்பக்கம் போனவன், வைக்கோல் போருக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டேன். வாடை.

கிணற்றடித் தாழ்வாரத்தில் தாயும் மகளும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். விரால் மீன் குழம்பு. சுந்தரி பேசுகிறாள், சிரிக்கிறாள், இன்னும் கொஞ்சம் சோறு போடு என்கிறாள். தலையை நீதான் எப்பவும் தின்னுவியா என்று அம்மாவிடம் சண்டை போடுகிறாள். இப்படிச் சாப்பிடுகிற ஒருத்தியை நான் இதுவரை பார்த்ததில்லை. இவளை எனக்குத் தெரியாது.

மாலையில் பஸ்ஸுக்குக் கூடவே வந்தாள். வாய்க்கால் மதகில் உட்கார்ந்தோம். எனக்குச் சுற்றிவளைக்க வராது.

"உனக்கு மீன் இல்லாமத்தான் சாப்பாடு எறங்கலையா?"

"கண்டுபிடிச்சுட்டீங்களே."

"சொல்லியிருக்கலாமே."

"கேட்டிருக்கலாமே."

"உங்கப்பாகிட்ட சொன்னேன். சரின்னாரு."

"நீங்க சொன்னீங்க, அவரு சரின்னாரு. நடுவுல நான் எங்க இருந்தேன்?"

பெண் பார்க்கப் போன அன்று அவள் உள்ளே காப்பி கலந்துகொண்டிருந்தாள். அது எனக்கு நினைவிருக்கிறது.

"வீட்டுல சமைக்கணும்னு நான் கேட்கல" என்றாள். "உங்களுக்குக் குமட்டும், தெரியும். ஆனா ஆயுசு முச்சூடும் பாதி எலையில எழுந்திரிக்கணும்னா, யோசிக்கணுங்க."

"அப்ப வரமாட்டியா?"

"யோசிக்கணும்னுதானே சொன்னேன்."

பஸ் வந்துவிட்டது. இந்த ஊர் பஸ் ஒரு நாளாவது தாமதமாக வருமென்றால், அது இன்றைக்காக இருந்திருக்கக்கூடாதா?

ஜனவரி 24

கொல்லையில் தனி அடுப்பு, உயரமாக ஒரு புகைபோக்கி – காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். நடக்காது. வாடை புகையோடு போவதில்லை, பாத்திரத்தில் இருக்கிறது, கையில் இருக்கிறது. பொறுத்துக்கொள்கிறேன் என்று சொல்லலாம். பொய். இரண்டாம் நாள் வாந்தி எடுப்பேன், அவள் அதைப் பார்த்துவிட்டு மறுபடி பாதி இலை.

வீட்டுக்குள் முடியாது. சரி. நாங்கள்தான் வீட்டுக்குள்ளேயே சாப்பிடுவதில்லையே!

ஜனவரி 27

மன்சூர் அலியிடம் சொன்னேன். "பொம்பளைங்கள மிலிட்டரி ஓட்டலுக்கா? ஊரு சிரிக்கும் சார்." சிரிக்கட்டும். நின்று பார்க்கவா போகிறேன். அவனையே கூட்டிக்கொண்டு நூர் அகமது பாயிடம் போனேன். வாசலில் நின்றே பேசினேன், உள்ளே போனால் பேச்சு வராது.

பாய் பொறுமையாகக் கேட்டார். "அதுக்கென்ன தம்பி, ஓட்டலுக்குப் பின்னாடிதான் எங்க வீடு. உங்க வீட்டம்மா அங்க எங்க வீட்டுப் பொம்பளைங்களோட உக்காந்து சாப்பிடட்டும். நீங்க வெளிய பெஞ்சுல இருங்க."

"நானும் எதிர்ல உட்காரணும்."

"நீங்க மீன் தின்ன மாட்டீங்களே."

"தயிர்ச் சோறு போதும்."

பாய் மன்சூர் அலியைப் பார்த்தார், இந்த ஆளுக்குச் சரியாக இருக்கிறதா என்பதுபோல. "தம்பி, மீன் விக்கிற எடத்துல தயிர் ஆகாது. ரெண்டும் ஒண்ணா தின்னா தோல்ல தேமல் வரும்பாங்க. என் கடையில தயிர்னு ஒண்ணு நொழஞ்சதே இல்ல."

"நான் கொண்டுவரேன். நான் மட்டும்தான் சாப்பிடப்போறேன்."

உள்ளேயிருந்து அவர் மனைவி அமீர் நிஷாவின் குரல் மட்டும் வந்தது. "புதுச் சட்டி ஒண்ணு இருக்கு, அதுல தம்பிக்குத் தனியா சோறு வடிச்சிடுறேன். பின்கட்டு ரூம ஒழிச்சுக் குடுங்க. புள்ள வரட்டும்."

பாய்க்கு மேல்கோர்ட்டு அங்கே இருக்கிறது. சரி என்றார்.

பிப்ரவரி 5 – ஞாயிறு

காலை பஸ்ஸில் அம்பகரத்தூர். மாமனாரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"மிலிட்டரி ஓட்டல்லயா? பொம்பளப்புள்ளயா? நம்ம குடும்பத்துல–"

"போன தடவை உங்களக் கேட்டேன் மாமா. இந்தத் தடவை அவளைக் கேட்டுக்கிறேன்."

மாமியார் அவரை உள்ளே கூப்பிட்டார்கள். சுந்தரி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எங்க உக்காருவீங்க?"

"உனக்கு எதிர்ல."

"வாடை?"

"போய்ப் பார்த்தாத்தான் தெரியும். வாரம் ஒரு நாள். முடியாட்டி வேற யோசிப்போம்."

உள்ளே போனாள். நான் செருப்பைப் போடுவதா வேண்டாமா என்று நின்றேன். பாதிச் சாமான் இங்கேயே இருக்கட்டும் என்று மாமியார் சொல்வது கேட்டது. அதற்கு இவள் என்ன சொன்னாளோ. டிரங்குப் பெட்டியோடுதான் வந்தாள். பஸ் கூரைமேல் ஏற்றியவன் நான். நல்ல கனம்.

காரைக்காலில் இறங்கி முதலில் மங்கள விலாஸ். ஒரு தூக்கில் தயிர் வாங்கினேன். "எங்க சார் கொண்டுபோறீங்க?" என்றான் செல்லையன். "நூர் அகமது பாய் கடைக்கு." இன்று நிஜமாகவே அவனுக்கு இருமல் வந்தது.

பின்கட்டு அறையில் புதுத் திரை. மேஜையைச் சன்னலோரம் இழுத்துப் போட்டேன். கடற்காற்று கிழக்கே சன்னல் வழியாக உள்ளே வருகிறது, மேற்கே கதவு வழியாக வெளியே போகிறது. நான் சன்னல் பக்கம், அவள் கதவுப் பக்கம். வாடை அவளோடு போய்விடும். இதை விளக்கினேன். "சரிங்க இன்ஜினீயர்" என்றாள்.

பட்டினச்சேரி மீனவர்கள் புயலுக்குப் பிறகு போன வாரம்தான் மறுபடி கடலுக்குப் போனார்களாம். கொடுவா மீன் குழம்பு, இரண்டு வறுத்த துண்டு. அமீர் நிஷா திரையோரம் தலையை நீட்டி, "தயிர்க்காரருக்குச் சோறு போதுமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். சுந்தரி முதல் கவளம் எடுக்கும்போது என்னைப் பார்த்தாள். இரண்டாவதற்குப் பார்க்கவில்லை. ஜன்னத்திடம் சொல்லவேண்டிய கதைகள், அப்பா எருமை வாங்கி ஏமாந்தது, எல்லாம் பேசிக்கொண்டே சாப்பிட்டாள். நானும் என் தயிர்ச் சோற்றைச் சாப்பிட்டேன். காற்றுக் கணக்கு சரியாக இருந்தது.

நடுவில் காற்று திரும்பிவிட்டது. தெருவில் வண்டி ஏதோ போனதோ, முன்கதவை யாரோ திறந்தார்களோ – குழம்பு வாடை நேராக என் முகத்துக்கு. இடது கை தானாக மூக்குக்குப் போய்விட்டது. அவள் கை நின்றது.

"எழுந்திரிச்சு வெளிய நில்லுங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

"நீ சாப்பிடு."

தூக்கிலிருந்து இன்னும் கொஞ்சம் தயிரை ஊற்றிப் பிசைந்தேன். அவள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, உள்ளே பார்த்து, "இன்னும் கொஞ்சம் சோறு போடுங்க" என்று குரல் கொடுத்தாள்.

இலையில் முள் மட்டும்தான் மிச்சம்.