அன்று மட்டும் இறங்கிய தண்ணீர்

இஞ்சு டேப்பைச் சுருட்டி வைத்தால் கையெல்லாம் ஈர இரும்பு வாசம். உங்கள் உள்ளங்கை வாசமும் இதுதான். சோப்புப் போட்டாலும் போகாது.

விடிந்ததும் டேப்பின் நுனியில் பழைய பூட்டைக் கட்டி உறைக்கிணற்றில் இறக்குவீர்கள். பூட்டு தண்ணீரைத் தொட்டதும் ஆழத்தைப் பார்த்து, திருவாரூரிலிருந்து வரும் ஆராய்ச்சிப் பெண்ணுக்குப் போனில் அனுப்புவீர்கள். "கிணத்துக்கு தினமும் ஜாதகம் பாக்குறீங்களா?" என்று கேலி செய்வேன். "நாடி புடிக்கிறேன்டி" என்பீர்கள்.

அந்தப் பெண் ஒருமுறை என்னிடம் சொன்னாள்: "மழை, வாய்க்கால், மண்ணு, கிணறு எல்லாத்தையும் போட்டு கம்ப்யூட்டர்ல இந்த ஊரையே பண்ணியிருக்கோம் அக்கா. ஆத்துல தண்ணி வராத வருஷம் அடியில எவ்வளவு மிஞ்சும்னு அது சொல்லும்."

உங்களைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோன மறுநாள், வீடு நிறைய ஆட்கள் இருக்க, நான் கிணற்றடிக்குப் போய் அளந்தேன். உங்கள் போனிலிருந்தே அனுப்பினேன். பிறகு தினமும் அனுப்பினேன். அளவு போய்க்கொண்டிருக்கும்வரை அந்தக் கம்ப்யூட்டர் ஊரில் நீங்கள் சாகவில்லை.

போன வாரம் அவள் நேரிலேயே வந்துவிட்டாள். லேப்டாப்பில் ஒரு கோடு, ஓரிடத்தில் சரேலென்று கீழே விழுந்திருந்தது. "அண்ணன் எங்கக்கா? இந்தத் தேதியிலேருந்து தண்ணி ஒரு அடிக்கு மேல இறங்கியிருக்கு. அடைமழை வாரம், ஏறித்தானே இருக்கணும்? அன்னிக்கு என்ன நடந்துச்சு?"

அந்தத் தேதி எனக்குத் தெரியும். அதற்கு மேல் மறைக்க முடியாமல் நீங்கள் போய்விட்டதைச் சொன்னேன். அவள் எழுந்து கிணற்றைச் சுற்றி வந்து, மேல் சிமெண்ட் உறையைத் தடவி, "இது புதுசா?" என்றாள். வெள்ளம் உள்ளே வராமலிருக்க, போன மழைக்கு முன் நீங்கள் ஏற்றிய உறை. சரியாக ஒரு அடி. அதன் விளிம்பிலிருந்து அளந்தால் ஆழம் ஒரு அடி கூடுதலாக வரும்; அதை மனதிலேயே கழித்துவிட்டுத்தான் அனுப்பியிருக்கிறீர்கள். என்னிடம்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவள் ஒரு அடியைக் கழித்தாள். கோடு மேலே ஏறிப் பழைய கோட்டோடு ஒட்டிக்கொண்டது. நான் அளந்த முதல் நாள் மட்டும் ஒட்டவில்லை. அன்று இன்னும் கால் அடி கீழே.

"கை நடுங்கியிருக்கும்க்கா. அந்த ஒரு நாளை எடுத்துடுறேன்."

என் கை நடுங்கவில்லை. அன்று பூட்டு இறங்கிக்கொண்டே இருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"எடுக்காதம்மா" என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிட்டாள்.

இப்போது ஒரு அடி கழித்து என் பேரில் அனுப்புகிறேன். அந்தக் கால் அடித் தண்ணீர் அன்று யாரோடு போனது என்று, கிணற்றைக் குனிந்து பார்க்கும்போதெல்லாம் கேட்க வாய்வரை வருகிறது. கேட்பதில்லை. உள்ளிருந்து உங்கள் பதில் வந்துவிடும்.