காவல் நிலைய வாசலில் வெங்காயம் உரித்த அயித்தைக்கு

அயித்தை,

பக்கத்து வீட்டில் விசேஷம். காலையிலிருந்து சின்ன வெங்காயம் உரிக்கிறார்கள். அந்த நெடி சுவரைத் தாண்டி வந்ததும், கண்ணைத் துடைத்துக்கொண்டு நீங்களும் வந்து உட்கார்ந்துவிட்டீர்கள். போன மாசியில் நீங்கள் இறந்ததை நெடிக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

ஒன்பதாவதோடு பள்ளியை விட்டுவிட்டு, உங்களோடு கல்யாணச் சமையலுக்குக் கூடமாட வேலை செய்ய வந்தவள் நான். அங்கே பழகிய ஒருத்தி, பெங்களூரில் நல்ல வேலை இருப்பதாகச் சொல்லி என்னை அழைத்துப்போய் ஒரு வீட்டில் பூட்டினாள். அங்கிருந்து பெண்களை ஒவ்வொருவராக எங்கெங்கோ விற்றார்கள். என் முறைக்காக நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நீங்கள் காரைக்குடியில் காவல் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தீர்கள். நான் பார்க்கவில்லை, பிறர் சொல்லக் கேட்டதுதான். ஆனாலும் கனவில் கண்டதுபோல எல்லாம் தெரிகிறது.

“வயசுப் பிள்ளை. எவன் கூடவாவது போயிருக்கும். தானா வந்துரும், போங்க.”

“கடைக்குத் தனியாப் போகவே வெக்கப்படுவா சார். அவ எவன் கூடப் போவா?”

அந்த அதிகாரி புகாரை எழுதவில்லை. மறுநாள் நீங்கள் சமையல்காரர் கொடுத்த வெங்காய மூட்டையோடு போய், நிலைய வாசலிலேயே உட்கார்ந்து உரித்தீர்கள். அதற்கடுத்த நாளும். இளஞ்சிவப்புத் தோல்கள் காற்றில் மிதந்து உள்ளே போய், மேசைகளின் மேல் மெல்ல இறங்குவதாக நினைத்துக்கொள்வேன்.

“ஆத்தா, அங்குட்டுப் போய் உரிங்க. கண்ணு எரியுது.”

“எரியட்டும் தம்பி. எம்பிள்ளைக்காக நீங்களும் கொஞ்சம் அழுங்க. எழுதுனீகன்னா எந்திரிச்சிர்றேன்.”

எழுதினார்கள். அதற்குப் பிறகுதான் தேடினார்கள். பூட்டு உடைந்து கதவு திறந்தபோது வெளிச்சத்தில் எனக்குக் கண் கூசியது.

ஊர் திரும்பிய அன்று அந்த அதிகாரியைக் கையெடுத்துக் கும்பிட்டேன். நீங்கள் என் கையை இறக்கிவிட்டீர்கள்.

“பிள்ளையத் தேடுறது அவுக வேல. அதுக்கு எதுக்குத்தா கும்புடுற? மொத நாளே தேடியிருக்கணும்.”

அவர் தலையைச் சொறிந்தார். நான் வெட்கத்தில் உங்கள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

போன வாரம் வழக்கில் சாட்சி சொன்னேன். ஒளிவதற்கு யாரும் இல்லை. முடிவில், வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று நீதிபதி அம்மா கேட்டார். தண்ணீருக்குள் தெரிவதுபோலச் சரசு அக்காவின் முகம் தெரிந்தது. பூட்டிய வீட்டில் எனக்குத் தலை வாரிவிட்டவள். கதவு திறப்பதற்கு முன்பே அவளைக் கொண்டுபோய்விட்டார்கள்.

“சரசக்காவத் தேடுறாகளா?”

“கேக்கலம்மா. சத்தமாச் சொல்லு.”

“சரசக்காவுக்கு வாசல்ல வந்து உக்கார யாரும் இல்லம்மா. யாரும் இல்லாட்டியும் தேடணும்ல?”

அடையாளம் சொல்ல முடியுமா என்று கேட்டார். சொன்னேன். தேட உத்தரவு போட்டிருக்கிறார்கள். மறுபடி கேட்டால் சொல்ல வேண்டுமே என்று அவளைத் தினமும் மனதுக்குள் ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன், அயித்தை. புருவத்தில் ஒரு தழும்பு. சிரித்தால் இடது கன்னம் மட்டும் குழியும்.