இரண்டு கைகளால் வாங்கிய அட்டை

தர்மிகாப் பிள்ளைக்கு,

எட்டாம் வகுப்போடு நின்றவனின் கடிதம் இது. பிழை திருத்தாமல் வாசி.

எங்களை ஊரைவிட்டுத் துரத்திய இலங்கை அரசின் தூதரகத்தில் மொழிபெயர்ப்பாளராக நீ சேர்ந்த நாளிலிருந்து உன்னோடு நான் பேசவில்லை. அன்று கத்தியதை இங்கே திரும்ப எழுத மாட்டேன். போன வாரம் உங்கள் தூதரகம் டுசல்டோர்ஃபில் நடத்திய இலங்கை - யப்பான் நட்பு விழாவுக்குக்கூட, "சாப்பாடு நல்லா இருக்கும், வாங்கோ" என்று அம்மா ஏமாற்றித்தான் கூட்டிவந்தாள்.

அங்கே ஒரு யப்பான் அதிகாரி தன் பெயர் அட்டையை இரண்டு கைகளாலும் நீட்டினார். கோயிலில் பிரசாதம் வாங்கிப் பழகிய நான், அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிவிட்டேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நல்லவேளை, நெற்றியில் பூசப் பார்க்கவில்லை.

நீ சிரிக்கவில்லை. பக்கத்தில் உன் மேலதிகாரி நிற்க, நீ படித்த யப்பான் மொழியில் ஏதோ சொன்னாய். அவர் இடுப்பு வளைய என்னை வணங்கினார்.

"என்ன பிள்ளை சொன்னனீ?" எட்டு மாதத்தில் என் முதல் கேள்வி.

"தமிழர் நாங்கள் மதிக்கிறதைக் கண்ணிலை ஒற்றித்தான் வாங்குவம் எண்டு சொன்னனான். இவர் என்ரை அப்பா எண்டும் சொன்னனான்."

அங்கே போனால் எங்களை மறந்துவிடுவாய் என்று பயந்தேன். நீயோ உன் மேலதிகாரியின் முன்னாலேயே "தமிழர் நாங்கள்" என்கிறாய். ஜேர்மனிக்கு வந்த முப்பத்தைந்து வருடத்தில் எந்த அலுவலகத்திலும் எனக்கு அந்தத் துணிவு வந்ததில்லை. அந்த வெட்கத்தில்தான் சாப்பிடாமலே ஓடிவந்தேன்.

ஞாயிறு பதினொரு மணி ரயிலில் வீட்டுக்கு வா; எங்கள் வுப்பர்டால் ஸ்ரேசனில் நிற்பேன். மன்னிப்புக் கேட்க எனக்கு எந்த மொழியிலும் வராது. நான் பேசாமல் நின்றால் நீயே மொழிபெயர்த்துக்கொள்.

உன்
அப்பா