அண்ணனுக்கு ஒரு பேட்டரி வண்டி

மே 4, ஞாயிறு

வண்டி வந்து இறங்கிவிட்டது. மூடிப்போன ஒரு ரிசார்ட்டில் உப்புக்காற்றில் கிடந்த பழைய கோல்ஃப் வண்டி. சீட்டைத் தூக்கினால் ஆறு ஆசிட் பேட்டரி. எல்லாவற்றின் தலையிலும் பச்சையாகப் பூத்திருக்கிறது. கம்பெனியில் என்னோடு வேலை செய்யும் லூர்துபிரகாஷ் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "சேசிஸ் அலுமினியம், துரு இல்ல. மத்ததெல்லாம் புதுசா செய்யணும்" என்றார்.

அண்ணன் ஜன்னல் வழியாகக் கேட்டான். "எதுக்கு துர்கா இந்தக் குப்ப?"

சரிசெய்து விற்கப்போகிறேன் என்றேன். பொய். அவனுக்குத்தான் என்று எப்படிச் சொல்வது?

மே 6

சர்க்கரையால் அண்ணனுடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தது பொங்கலுக்கு முன்னால். அதோடு வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை. தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் மீன் ஏலம் விட்டவன். ஏலத்தில் அண்ணன் தெய்வநாயகம் நிற்கிறானா இல்லையா என்பது அவன் குரலிலேயே, படகில் வரும்போதே காதில் விழும் என்பார்கள். ஆட்டோவில் ஏற்றி இறக்குகிறோம் என்று யார் வந்தாலும் ஒரே பதில்: "நான் என்ன மீன் கூடையா?"

இப்போது மீன்பிடித் தடைக்காலம். படகு எதுவும் போகவில்லை, அதனால் அவன் இல்லாதது தெரியவில்லை. ஜூன் பாதியில் படகுகள் கிளம்பும். அன்றைக்கும் இவன் போகாவிட்டால் அந்த இடத்தில் இன்னொரு ஏலக்காரன் கமலக்கண்ணன் நின்றுவிடுவான். அப்புறம் அது அவனுடைய இடம்தான்.

முடியுமா என்னால்?

மே 18

மோட்டாரைக் கழற்றி, சுத்தம் செய்து, கார்பன் பிரஷ் மாற்றினேன். பழைய பேட்டரிகள் போய் லித்தியம் பேக் உட்கார்ந்தது. மேட்டுப்பாளையம் கம்பெனியில் தினமும் ஈ-ஆட்டோவுக்குக் கட்டுவது இதே பேக்தான். அங்கே ஒரு தடவை முறுக்கினால் போதும். இங்கே ஒவ்வொரு நட்டையும் மூன்று தடவை முறுக்கிப் பார்க்கிறேன்.

மே 20

முப்பத்தாறு வோல்ட் மோட்டாருக்கு நாற்பத்தெட்டு கொடுக்கிறேன். தாங்கும் என்கிறார் லூர்து. தாங்கும். தாங்கும்தானே?

மே 25

மிதிக்கும் பெடலுக்குப் பதிலாக ஸ்டியரிங் பக்கத்தில் கையால் இழுக்கும் லீவர் வைத்தேன். விட்டால் நிற்கும், இழுத்தால் போகும். அண்ணன் பார்த்துவிட்டான். யாருக்குக் கைலீவர் வேண்டும் என்று அவனுக்கா தெரியாது?

"பொம்ம வண்டியில வச்சு ஊர்கோலம் விடப்போறியா?"

"அண்ணே, நீயே ஓட்டிட்டுப் போவலாம்."

"போடி."

அண்ணி அவனுக்குப் போட்டு வைத்த சோறு அப்படியே இருந்தது.

ஜூன் 1, ஞாயிறு

எழுதவே முடியவில்லை. காலையில் தெருவில் ஓட்டிப் பார்த்தேன். நன்றாகத்தான் போனது. முனையில் லீவரை விட்டேன் — நிக்கல. இன்னும் வேகமாப் போவுது. சாவிய அணைக்கணும்னு தெரியுது, கை கேக்கல. பிரேக்கை மிதிக்கிறேன், மோட்டார் இழுத்துக்கிட்டே போவுது. வலை குவிச்சு வச்சிருந்தாங்களே, அதுல போய் ஏறி, சுவத்துல முட்டி நின்னுச்சு. அந்த நேரம் யாராவது பிள்ளைங்க அங்க இருந்திருந்தா?

முழங்காலில் சிராய்ப்பு. அவ்வளவுதான்.

நிமிர்ந்து பார்த்தால் அண்ணன் தெருவில் நிற்கிறான். கட்டையை ஊன்றிக்கொண்டு, சட்டைகூட இல்லாமல். "காலுக்கு என்னா? ஆட்டிக் காட்டு. ஆட்டிக் காட்டுடி!"

ஆட்டிக் காட்டினேன். அழுகை வந்தது வலியால் இல்லை. துறைமுகத்தில் ஏலம் நடக்கும் தளத்தின் ஓரத்தில் சுவர் கிடையாது. அந்தப்பக்கம் தண்ணீர். வண்டி இப்படி ஓடினால் இவனால் குதிக்கவும் முடியாது.

ஜூன் 3

காரணம் தெரிந்துவிட்டது. லீவருக்குள் ஒரு ஒயர் அதிர்வில் அறுந்திருக்கிறது. அது அறுந்தால், மோட்டாருக்குக் கரண்ட் விடும் இந்த மலிவு கன்ட்ரோலர் முழு வேகம் கேட்கிறார்கள் என்று எடுத்துக்கொள்கிறது. அவனைச் சாகடிக்கவா பார்த்தேன் நான்? வண்டியை இரும்புக்கடைக்குப் போட்டுவிடுகிறேன் என்று அண்ணியிடம் சொன்னேன். அண்ணி, "அவரு தெரு வரைக்கும் வந்தாரே, பாத்தியா?" என்றாள்.

ஜூன் 8

நல்ல கன்ட்ரோலர் மாற்றினேன். ஒயரில் கோளாறு என்றால் கரண்டை அதுவே நிறுத்திவிடும். கரண்ட் நின்றால் தானாகவே சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும் பிரேக்கும் மோட்டாரில் பூட்டியாயிற்று. பின்சக்கரம் சுற்றும்படி வண்டியைக் கட்டை மேல் ஏற்றியிருந்தேன். அண்ணன் வெளியே வந்தான், ஏறி உட்கார்ந்தான். லீவரை முழுசாக இழுத்தான். சக்கரம் விர்ரென்று சுற்றுகிறது.

"எந்த ஒயரு?"

காட்டினேன். கட்டிங் பிளேயரை என் கையிலிருந்து வாங்கி, ஓடும்போதே வெட்டினான். டக்கென்று நின்றது.

"ஒட்டு. இன்னொரு தடவ."

வெட்டினான். நின்றது. மறுபடியும் ஒட்டச் சொன்னான். வெட்டி வெட்டி, ஒட்ட ஒயரே இல்லாமல் குட்டையாகிவிட்டது.

"சரி, புது ஒயர் போடு. நான்தான் ஓட்டுவேன். நீ பின்னால ஓடி வரக்கூடாது."

ஜூன் 16, திங்கள்

நேற்று படகுகள் போயின. இன்று முதல் மீன். விடியும்போதே அண்ணன் கிளம்பிவிட்டான், அண்ணி பக்கத்தில் கூடையோடு. நான் பின்னால் ஓடவில்லை. கம்பெனிக்குப் போனேன். உள்ளே போனை வாங்கி வைத்துவிடுவார்கள். ஒரு பேக்கில் ப்ளஸ் மைனஸ் மாற்றி வைக்கப் போனேன். லூர்து கையைப் பிடித்தார். ஆம்புலன்ஸ் சத்தம் எது கேட்டாலும் அண்ணனுக்குத்தான் என்று நினைத்தேன்.

திரும்பி வந்தேன். வண்டி வாசலில் நிற்கிறது. டயரில் மீன் செதில். உள்ளே அண்ணன் வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்துக்கொண்டிருந்தான். பேச்சு வரவில்லை, தொண்டை கட்டிப்போயிருந்தது. கையால்தான் காட்டினான்: சாப்பிடு.

ஜூலை 6, ஞாயிறு

மதியம் அண்ணனிடமிருந்து போன். "வண்டி நின்னுபோச்சு." எங்கே என்றேன். துறைமுகப் பக்கம் இல்லை. வேறு எங்கோ, அவன் பழைய கூட்டாளி வீட்டுத் தெருவுக்கும் அந்தப்பக்கம். ஓடினேன். சார்ஜ் சுத்தமாகக் காலி, வேறு கோளாறு இல்லை. நான் கட்டியது துறைமுகம் போய்வந்து மிச்சமும் இருக்கும் பேட்டரி. எப்படிக் காலியாகும்?

"எங்கெங்க போன அண்ணே?"

"ஒனக்கு எதுக்கு அதெல்லாம்? இன்னும் பெரிய பேட்டரியாப் போடு."

நாலு பேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அவன் வண்டியில் உட்கார்ந்து தெரு முழுக்கக் கேட்கும்படி என்னைத் திட்டிக்கொண்டே வந்தான். சாயங்காலம் சீட்டைத் தூக்கி அளந்து பார்த்தேன். இன்னொரு பேக் வைக்க இடம் இருக்கிறது.