நாம் இருவரும் மாட்டிய போன்

இன்று காலை அந்தப் பெட்டியின் மூடியைத் திருகிக் கழற்றியதும் ஏலக்காய் வாசம் குப்பென்று அடித்தது. போடியில் அந்த ஏலக்காய்க் கடைக்கு நீயும் நானும் மாட்டினோமே, பழைய லேண்ட்லைனை இண்டர்நெட் போன்களோடு இணைக்கும் கேட்வே, அதுதான். இத்தனை வருஷத்துக் காய்த்தூசி உள்ளே அப்பிக் கிடக்கிறது. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

நீ போய் மூன்று மாதம்கூட ஆகவில்லை. போன வாரம் இடி இறங்கியதில், மலைமேல் இருக்கும் எஸ்டேட்டோடு கடைக்குப் பேச்சு அறுந்துவிட்டது. அங்கே செல்போன் டவரும் கிடையாது. கடை முதலாளி என்னைக் கூப்பிடவில்லை. வெளியூரிலிருந்து இரண்டு பேரை வரவழைத்தார். எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதிதாக மாட்ட வேண்டும் என்றார்களாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே போய் நின்றேன்.

"அந்தப் புள்ள இருந்தவரைக்கும் சரி தாயி. ஒத்தப் பொம்பள, நீ ஏணியில ஏறி என்னத்தச் செய்யப் போற?"

"ஏணியில ஏறுனது எப்பவும் நான்தாண்ணே. அவ கீழ நின்னு ஏணியப் பிடிச்சுக்கிட்டு உங்ககிட்ட வாயடிச்சா."

இன்று ஒரு நாள் மட்டும் தருவதாகச் சொன்னார்.

உன் வாய் இருக்கிறதே! ஒரு வருஷம் ஆயுதபூசைக்கு மறுநாள் கடையில் ஒரு போனும் பேசவில்லை. 'பொம்பளைக மாட்டுனா இப்படித்தான்' என்று அத்தனை பேர் முன்னாலும் கத்தினார். நீ போன் ஒயரெல்லாம் வந்து சேரும் சுவிட்சுப் பெட்டியைக் கழற்றினாய். ஒயர் சொருகும் ஓட்டைகளில் சந்தனம், காற்றுப் போகும் இடுக்கெல்லாம் குங்குமம். மேலே சாத்திய ஈர மாலையிலிருந்து தண்ணீர் வேறு உள்ளே இறங்கியிருந்தது. எல்லாப் போனுக்கும் ஒரே ஒயரில் பேச்சும் கரண்டும் போவது அந்தச் சுவிட்சு வழியாகத்தான். அதை அவர் மேசைமேல் வைத்து, "கும்பிடுங்கண்ணே, வேணாங்கல. குளிப்பாட்டாதீங்க" என்றாய். கடையே சிரித்தது. கடைசியில் அவரும் சிரித்தார்.

இன்றைக்கு ஏணியைப் பிடிக்க ஆளில்லை. மேலே நின்று கொஞ்ச நேரம் அழுதேன். அப்புறம் சோலியைப் பார்த்தேன். கேட்வேயின் அடாப்டரும், லேண்ட்லைன் வந்து சேரும் ஒரு முனையும்தான் கருகியிருந்தன. அடாப்டரை மாற்றி, லைனைப் பக்கத்து முனையில் சொருகினேன். முதலாளி எஸ்டேட்டுக்கு அடித்தார். "ஆரா?" என்று மலையாளத்தில் கேட்டார் அங்கிருந்த சூப்பர்வைசர். வெளியூர் ஆட்களை வர வேண்டாமென்று முதலாளி அப்போதே சொல்லிவிட்டார்.

நான் கிளம்பும்போது இழுத்தார். "இன்னொண்ணு தாயி. நீ கூப்பிட்டா எங்க போன் திரையில அந்தப் புள்ள பேருல்ல வருது. செத்தவ பேரப் பாத்தாப் பக்குன்னு இருக்கு. வெரசா மாத்திரு."

கடைப் போன்களில் நம் நம்பரை உன் பேரில் பதிந்து வைத்தது நான்தான். மாற்ற ஒரு நிமிஷம் போதும்.

"மாத்த மாட்டேண்ணே. இந்தப் போன மாட்டுனது ரெண்டு பேரு. பக்குன்னு இருந்தா இருந்துட்டுப் போகட்டும்."

இனியும் நான் கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் அந்தக் கடையில் நீதான் வருவாய். அவர் எடுத்துப் பேசித்தான் ஆக வேண்டும்.